நாற்பத்திரண்டு இடங்களில் ஒரு பெயர்

முதல் மறுப்பில் பெயர் இல்லை.

நேற்று வெளிச்சம் மங்குவதற்கு முன் பஷேது அதை எழுதியிருந்தான். கரியும் பிசினும் குழைத்த மை, புதிதாகச் சீவிய நாணல், அவசரமில்லாத கை. 'ஓசிரிஸ்' என்ற சொல்லுக்குப் பின் விடப்பட்டிருந்த நான்கு விரல் அகல இடத்தில் 'உசெர்ஹாத்' என்று எழுதி, ஊதி, காய்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சுருளை மூடினான். இப்போது அந்த இடம் காலி. காலியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. ஈரமாக இருந்தது.

நைலின் மேற்குக் கரையில், கோயில் மதிலை ஒட்டிய அந்தப் பட்டறையில் இறந்தவர்களுக்கான பாப்பிரஸ் ஏடுகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். படம், மந்திரம், தராசு, தெய்வங்கள் எல்லாம் தயார். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். ஓசிரிஸ் இறந்தோரின் தெய்வம்; செத்தவர் யாராக இருந்தாலும் அவரும் ஓசிரிஸ்தான். எந்த ஓசிரிஸ் என்று எழுதுவது பஷேதுவின் வேலை. கடைசிப் பகுதியில் நாற்பத்திரண்டு மறுப்புகள் வரும். நான் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, யாரையும் அழவைக்கவில்லை, ஓடும் நீரை மறிக்கவில்லை என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாற்பத்திரண்டு தெய்வங்களிடமும் செத்தவர் சொல்லியாக வேண்டும். பிறகு அவர் நெஞ்சைத் தராசில் வைப்பார்கள். பாவத்தால் எடை கூடிப்போனால், பக்கத்தில் முதலை வாயோடு காத்திருக்கும் 'விழுங்கி' என்ற மிருகம் அதைத் தின்றுவிடும். தின்றுவிட்டால் அந்த ஆள் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ஏட்டில் யார் பெயரோ அவர் நெஞ்சுதான் தராசுக்கு.

எட்டு வருடமாக எழுதியதில் பஷேதுவுக்கு ஒன்று தெளிவாகியிருந்தது: இந்த ஊரில் செத்தவர் எவரும் எந்தத் தப்பும் செய்ததே இல்லை.

குனிந்து பார்த்தான். சுரண்டிய தடம் இல்லை. நார்கள் மெல்ல உப்பியிருந்தன, ஓரத்தில் மை வளைந்து இழுபட்டிருந்தது. நக்கிய தடம். பிழையாக எழுதிவிட்டால் நாக்கால் நக்கி எடுப்பது எல்லா எழுத்தர்களுக்கும் முதல் வருடத்திலேயே கைவந்துவிடும் வித்தை. ஆக, இது பட்டறைக்காரன் வேலை.

"இபூய், நாக்கை நீட்டு."

உள்ளே இருட்டு மூலையில் வெங்காயம் கடித்துக்கொண்டிருந்த சக எழுத்தன் இபூய் நிமிர்ந்தான். "ஏன், வைத்தியம் படிக்கப் போறியா?"

"நீட்டுன்னேன்."

இபூய் நீட்டினான். வெங்காயத் துணுக்கு இருந்தது. கருப்பு இல்லை. மையை நக்கியவன் நாக்கு மத்தியானம் வரை வெளுக்காது.

"நான் உக்காந்து எழுதுற இந்த வாசப்படி வெளிச்சத்துல உன் பாயைப் போடணும்னு உனக்கு ரொம்ப நாளா ஆசை."

"ஆசைதான். அதுக்காக உன் எழுத்தை நக்குவேனாப்பா? அதைப் பாத்தாலே எனக்குச் சோறு இறங்காது."

சத்தம் கேட்டு பன்ஹெசி வந்தார். தெய்வச் சொற்களின் தலைமைக் காவலர், இரு கோயில்களின் மை மேற்பார்வையாளர், ஏடுகளின் இறுதிச் சரிபார்ப்பாளர். மூன்று வருடமாக அவருக்குக் கண் தெரியவில்லை என்பது பட்டறைக் கழுதைக்கும் தெரியும். அவரிடம் சொல்லும் துணிச்சல்தான் யாருக்கும் வரவில்லை. சுருளை வாங்கிக் கை நீளத்துக்குப் பிடித்து, தலைகீழாகவே வைத்துக்கொண்டு, பலமாகத் தலையாட்டினார்.

"நல்லா வந்திருக்கு. இன்னும் அஞ்சே நாள். பாடம்செஞ்சு முடியற எழுபதாம் நாள் காலைல இந்த ஏடு சவப்பெட்டிக்குப் போகணும். போகலேன்னா நீ தெக்க கருங்கல் மலைக்குக் கல் உடைக்கப் போயிடுவ. உசெர்ஹாத் என்ன லேசுப்பட்ட ஆளா? கால்வாய்க் கண்காணிப்பாளர்!"

கால்வாய்க் கண்காணிப்பாளரின் காலில் சேறு பட்டதை யாரும் பார்த்ததில்லை என்று பஷேது சொல்லவில்லை. அழிந்த பெயரை மறுபடி எழுதினான், அடுத்த பத்து இடங்களிலும் எழுதினான். சுருளை மரப்பெட்டியில் வைத்து, கயிறு கட்டி, முடிச்சின்மேல் களிமண் அப்பித் தன் முத்திரையை அழுத்தினான்.

மறுநாள் பாலைவனக் காற்று கிளம்பியது. முத்திரை அப்படியே இருந்தது. பெட்டிக்குள் பதினோரு பெயர்களும் இல்லை.

அன்று எதையும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். யாரிடம் சொல்வது? சொன்னால், எழுதாமலே ஏமாற்றுகிறான் என்பார்கள். இபூய் அடிக்கடி வந்து அக்கறையாக விசாரித்தான். அந்த அக்கறையே சரியாக இல்லை. அடுத்த நாள் விடிந்ததும் பதினோரு பெயர்களையும் திரும்ப எழுதி, பெட்டியைக் கட்டி, முத்திரையிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். உச்சிப்பொழுதில் புழுதி எழுந்து சூரியனை மூடி, சுவரும் தூணும் ஆளும் ஒரே பழுப்பில் கரைந்து, பல்லில் மணல் நெறுநெறுக்கத் தொடங்கியபோது, மற்றவர்கள் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். பஷேது மட்டும் இருந்தான். கூரை ஓலையைக் காற்று பிய்த்தது. எங்கோ ஒரு வாத்து கத்தி நின்றது. அந்த இரைச்சலுக்கு அடியில், மிகவும் அடியில், வேறொரு சத்தம் இருப்பதை அவன் காது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தது. பூனை கிண்ணத்துப் பாலை நக்குவதுபோல. பூனையைவிட மெதுவாக. பெரிய நாக்கால்.

பெட்டிக்குள்ளிருந்து.

காதை வைத்தான். சத்தம் நின்றது.

மரத்தின் இடுக்கில் ஒரு வாடை கசிந்தது. உடலை உலர்த்தும் உவர் உப்பு. ஈரத் துணி. பிணங்களைப் பாடம்செய்யும் கொட்டகையின் வாடை.

மறுபடி நக்கியது.

பஷேது எழுந்து ஓடவில்லை. பயந்தவனுக்குக்கூட ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. கொட்டகைக்காரர்களில் ஒருவனை இபூய் கையில் போட்டுக்கொண்டிருக்கிறான், பெட்டியின் அடியில் ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினான். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான், ஓட்டை இல்லை; திறந்தால் பதினோரு பெயரும் மறுபடி இல்லை. அப்படியும் அந்த முடிவை விடவில்லை. அன்று சாயங்காலமே மணல்மேட்டில் கடுங்கசப்பான பேய்க்குமட்டிக் காய் பறித்து, நசுக்கி, சாற்றை மையில் கலந்து நாற்பத்திரண்டு இடத்திலும் எழுதினான். நக்குகிறவன் எவனோ, அவன் மூன்று நாளைக்கு முகம் கோணித் திரியட்டும்.

காலையில் ஒரு பெயரும் இல்லை.

இபூய் ரொட்டியைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். பன்ஹெசி இரண்டு குவளை பீர் குடித்து ஏப்பம் விட்டார். யார் முகமும் கோணவில்லை.

முற்பகலில் உசெர்ஹாத்தின் மனைவி தக்காத், கணவர் பெயருக்கு முன்னால் சேர்க்க இன்னும் நான்கு பட்டங்களோடு வந்தாள். சிவந்த கண், புது விக்.

"பஷேது, நல்லா இருக்கியா? முதுகெல்லாம் ஆறிடுச்சா?"

"அதாச்சு ஒன்பது வருசம்மா."

ஒன்பது வருடத்துக்கு முன் அவன் உசெர்ஹாத்தின் எழுத்தன். பராமரிக்காத கரை உடைந்து ஒரு குடியிருப்பே தண்ணீரோடு போனபோது, விசாரணைக்கு உசெர்ஹாத்தைக் கூப்பிட்டார்கள். அவர் உடம்பு சரியில்லை என்று தன் சார்பில் பஷேதுவை அனுப்பினார். நூறு பிரம்படியையும் சார்பிலேயே வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"அவரு எதுக்கும் நேர்ல போனதில்ல," என்றாள் தக்காத் பெருமையோடு. "மருந்தைக்கூடத் தோட்டக்காரனைத்தான் குடிக்கச் சொல்வாரு. நோய் இவருக்கு, கசப்பு அவனுக்கு. இப்ப பாரு, கொட்டகைக்காரங்க காலைல ஆள் அனுப்பியிருக்காங்க. வாய்க்குக் கட்டின துணி தினமும் நனைஞ்சு போகுதாம், மாத்தி மாத்திக் கட்டுறாங்களாம். இன்னைக்கு அவுத்தா, மூஞ்சி கோணிக்கிடக்காம். எதையோ கசப்பாத் தின்ன மாதிரி."

பஷேது பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"எப்ப... எப்பலேர்ந்தும்மா?"

"இன்னைக்குத்தான். ஏன் உன் மூஞ்சி இப்படிப் போகுது? எல்லாம் தயாரா இருக்கில்ல? பதில் பொம்மை நானூத்தி ஒண்ணு செஞ்சு வச்சிருக்கோம். அங்க மண் வெட்டக் கூப்பிட்டா, பொம்மை எந்திரிச்சு 'இதோ வந்துட்டேன்'னு இவருக்குப் பதிலாப் போயிடும்."

"தராசுக்கும் பொம்மை போகுமா?"

தக்காத் சிரித்தாள். "அதெப்படிப் போகும்? பொம்மைக்கு நெஞ்சு ஏது?" சிரிப்பு அடங்கியதும் விக்கைச் சரிசெய்தாள். "கடைசி நாள்ல உன்னைத்தான் கேட்டாரு தெரியுமா? 'பஷேது எங்க, பஷேதுவக் கூப்பிடு'ன்னு ஒரே பாட்டு. நீன்னா அவருக்கு அவ்வளவு பிரியம்."

அதன்பின் அவன் எழுதவில்லை. எழுதினால் நாக்கு வரும். எழுதாவிட்டால் கருங்கல் மலை. மலையே தேவலை என்று, வெற்று இடங்களோடு சுருளைச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் படுத்துக்கிடந்தான்.

எழுபதாம் நாள் விடிந்ததும் பெட்டியைத் திறந்தான்.

நாற்பத்திரண்டு இடமும் நிரம்பியிருந்தது.

அழகான எழுத்து. அவசரமில்லாத கை. அவனுடைய கை. ஓசிரிஸ் பஷேது. நான் திருடவில்லை. ஓசிரிஸ் பஷேது. நான் யாரையும் அழவைக்கவில்லை. ஓசிரிஸ் பஷேது. ஓடும் நீரை நான் மறிக்கவில்லை.

மை ஈரமாக இருந்தது.

நக்கினான். குமட்டிக் கசப்பு தொண்டை வரை ஏறியது. பெயர் மங்கியது, வெளுத்தது, மறைந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நார்களுக்கு அடியிலிருந்து ஊறி மேலே வந்தது. இன்னும் கருப்பாக.

"ஆச்சா?" பன்ஹெசி வாசலில் நின்றார். பின்னால் சுமப்பவர்கள்.

"அய்யா, பேரு மாறியிருக்கு. இது அவரு பேரு இல்ல, என் பேரு!"

பன்ஹெசி சுருளைப் பிடுங்கி, கை நீட்டி, இந்தமுறை பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். பார்க்க முடியவில்லை என்று சொல்வதற்கு அவர் வாய் வளையாது. "நல்லாத்தானே இருக்கு. நீ எழுதினதுலயே இதுதான் உருப்படி."

"படிங்கய்யா!"

"யாரைப் படிக்கச் சொல்ற? இபூய்! இவனுக்குப் படிச்சுக் காட்டு."

இபூய் சுருளைப் பார்த்தான். அவன் உதடு ஒருமுறை அசைந்து நின்றது. பஷேதுவைப் பார்த்தான். பிறகு வாசப்படி வெளிச்சத்தில் விரித்துக்கிடந்த பாயைப் பார்த்தான்.

"சரியாத்தான் இருக்குங்கய்யா."

கல்லறை வாசலில் கூலிக்கு அழுபவர்கள் புழுதியை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார்கள். துணி சுற்றிய உசெர்ஹாத்தைக் கதவோரம் நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். வெயில் நேராக அவர் மேல் விழுந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்த பஷேதுவை இரண்டு காவலர்கள் முதல் வரிசையிலேயே பிடித்து நிறுத்தினார்கள். எஜமானுக்காக எப்படித் துடிக்கிறான் பார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பூசாரி ஏட்டை விரித்தார். ஆயிரம் சாவில் படித்த வாய். தான் படிப்பதை அவர் கேட்பதில்லை.

"ஓசிரிஸ் பஷேது வந்திருக்கிறான்."

"வந்திருக்கிறான்," என்றது கூட்டம்.

நான் இல்லை என்று கத்த வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. உதடு உதட்டோடு ஒட்டியிருந்தது. நாக்கில் உப்பு. பல்லில் உப்பு. தொண்டை முழுக்க உலர்ந்த, கரகரத்த உப்பு.

"ஓசிரிஸ் பஷேதுவின் நெஞ்சு தராசுக்கு வருகிறது."

"வருகிறது."

மார்பில் கை வைத்தான். இடப்பக்கம். நடுவில். மறுபடி இடப்பக்கம்.

ஒன்றும் அடிக்கவில்லை.

செத்தவர் மறுபடி மூச்சுவிடவும் பேசவும் செய்யும் வாய் திறக்கும் சடங்குக்காகப் பூசாரி வளைந்த உளியை உயர்த்தி, துணி சுற்றிய வாயில் மெல்லத் தொட்டார். தொட்ட இடத்தில் ஒரு கருப்புப் புள்ளி தெரிந்தது. உள்ளிருந்து ஊறியது. நகம் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. கூட்டம் தலைகுனிந்து நின்றது.

பஷேது மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈரத் துணி உள்ளே இழுபட்டது. வெளியே உப்பியது.

மறுபடி உள்ளே.