தியோலிந்தாவின் மூன்றாவது தாழி

முகத்தில் பாதி சவர நுரையோடு ஃபியாலு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது தியோலிந்தா கடைக்குள் பாய்ந்தாள்.

"அண்ணே, என் மூணாவது தாழியில எவனோ கை வச்சுட்டான்! வெள்ளை ஒயின் ரோஜா நிறத்துல நிக்குது!"

சவரக்காரர் செஃபெரீனுவின் கத்தி அந்தரத்தில் நின்றது. அலென்தேஷு வட்டாரத்தில் ஒருவருடைய ஒயின் ஊறும் மண் தாழியைத் தொடுவதும் அவர் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான். புது ஒயின் திறக்கும் புனித மார்ட்டின் திருநாளில் அந்த ஊரில் முதலில் திறப்பது தியோலிந்தா வீட்டு வெள்ளைத் தாழி. நாற்பது வருஷமாக மற்றவர்களுடையதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வருஷப் பழம் உள்ளே போய்ப் பத்து நாள்தான் ஆகிறது. இன்னும் பொங்கி முடியவில்லை.

"யார் மேல சந்தேகம்?" என்றார் ஓய்வுபெற்ற காவல் சார்ஜென்டான ஃபியாலு.

"வேற யாரு, என் வேலையாள் ஜெசுயீனுதான்! மதியம் நான் சாப்பிடப் போன ஒரு மணி நேரம் உள்ள இருந்தவன் அவன் ஒருத்தன். வந்து கிளறிப் பார்த்தா சிவப்புத் தோல் மேல வருது. இருபது வருஷம் என் ரொட்டியத் தின்னவன்! இன்னைக்கே விரட்டிடுறேன்."

"கையும் களவுமா மாட்டிக்கிட்டான் அண்ணே!" என்று துள்ளினார் செஃபெரீனு.

"முதல்ல மீதி தாடிய எடுப்பா."

தாழிக்கூடத்தில் ஜெசுயீனு தொப்பியைக் கசக்கியபடி நின்றான். அவமானத்தில் முகம் கறுத்திருந்தது.

"காலையில மிதக்கிற தோலை அமுக்கும்போதே சாறு வெங்காயச் சருகு நிறத்துல இருக்குன்னு சொன்னேனேம்மா. கண்ணாடிய மாத்துன்னு சிரிச்சீங்க."

ஆளுயரத் தாழியில் சாத்தியிருந்த ஏணியில் ஏறி, ஃபியாலு ஒரு பிடி தோலை அள்ளினார். அந்தாவ் வாஷ் வெள்ளைத் திராட்சைத் தோல்களுக்கு நடுவே சில சிவப்புத் தோல்கள், வெளுத்துப்போய்க் கிடந்தன.

"உன் சிவப்புப் பழம் பறிச்சாச்சா தியோலிந்தா?"

"இன்னும் கொடியிலதான் இருக்கு. ஊர்லயே சிவப்பு பறிச்சவன் பக்கத்துத் தோட்டத்துப் பெலார்மினுதான். அவன் விடியறதுக்கு முன்னாடியே பேஜா சந்தைக்குப் போயிட்டானே!"

"இந்த ஏணி?"

"தன் தாழியில பழம் கொட்டன்னு அவன் இரவல் வாங்கிட்டுப் போனதுதான். நேத்து சாயங்காலம், தோலை அமுக்கி முடிச்சப்புறம், ரெண்டு வாளியோட திருப்பிக் கொண்டுவந்தான். நான் அடுப்படியில இருந்தேன். உள்ள வச்சிட்டுப் போன்னேன். அப்புறம் ராத்திரி பூட்டினதுதான், சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு."

மாலையில் பெலார்மினு சந்தையிலிருந்து திரும்பியதும் ஃபியாலு அவரையும் கூடத்துக்கு வரவழைத்தார். அவர் தோட்டத்து த்ரிங்கதெய்ரா என்ற சிவப்புத் திராட்சைக் கொத்து ஒன்றும் வந்திருந்தது. ஃபியாலு அதில் கரிய பழம் ஒன்றின் சதையைப் பிதுக்கி, சாற்றை வெள்ளைக் கைக்குட்டையில் சொட்டவிட்டார்.

"என்ன நிறம், செஃபெரீனு?"

"நிறமே இல்லையே அண்ணே!"

"அதான். இந்தப் பழத்துல சாயம் தோல்ல இருக்கு. அது ஊறித்தான் இறங்கணும். மதியம் போட்டிருந்தா ஒரு மணி நேரத்துல தாழி இப்படி மாறாது, தோலும் வெளுத்திருக்காது. காலையிலேயே நிறம் லேசா மாறிடுச்சுன்னா, நேத்து சாயங்காலமே யாரோ நசுக்கின பழத்தைக் கொட்டி அடியில அமுக்கியிருக்காங்க. நேத்து சாயங்காலம் வாளியோட இங்க வந்தது யாரு, பெலார்மினு?"

பெலார்மினு மறுக்கவில்லை. "எங்கப்பன் காலத்துலேர்ந்து ரெண்டாவது தாழி, ரெண்டாவது தாழின்னே பேரு," என்றார். "ஒரே ஒரு வருஷம் நான் முதல்ல திறக்கணும்னு நினைச்சேன்."

தியோலிந்தா வாயைத் திறப்பதற்குள் ஜெசுயீனு ஏணியில் ஏறி, ஒரு குவளை மொண்டு சப்புக்கொட்டினான்.

"அம்மா, இது கெட்டுப்போகலை. வெள்ளையும் சிவப்பும் சேர்ந்த ஒயினுக்குப் பல்யேட்டுன்னு பேரு. நம்ம முன்னோர் ஆசையாக் குடிச்சதே இதுதான்."

குவளையை வாங்கிக் குடித்த தியோலிந்தாவின் தலை நிமிர்ந்தது.

"கேட்டுக்க பெலார்மினு. இந்த வருஷமும் முதல்ல இதைத்தான் திறப்பேன். உன் பழம் என் தாழியிலதான் முதல் பேர் வாங்கப்போகுது!"

செஃபெரீனு விழுந்து விழுந்து சிரித்தார். அவள் மட்டும் ஜெசுயீனுவின் பக்கம் திரும்பினாள், குரல் இறங்கியது.

"தப்பு என் மேலதான். திருநாளன்னைக்குத் தாழியத் திறக்க, ஒயின் வடியற குழாயை நீதான் அடிச்சு இறக்கணும்."

"அத வீட்டு ஆளுங்கதானேம்மா அடிப்பாங்க?"

"ஆமா," என்றாள் தியோலிந்தா. "வீட்டு ஆளுங்கதான்."