ஏலத்தில் எடுத்த பம்பளிமாஸ்

காலை எட்டரைக்கு மாத்திரை டப்பா மேசையில் இல்லை. அது பீரோவுக்குள் இருந்தது. சாவி, நாத்தனார் ஜெயபுஷ்பத்தின் முந்தானை முடிச்சில்.

"இனிமே என் தம்பிக்கு மாத்திரை நான் குடுப்பேன். நீ கை வைக்காத."

ஃபீபிக்கு இடுப்புத் தழும்பு சுரீரென்றது. ஒன்றரை வருஷத்துக்கு முன், கணவன் டைட்டஸுக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்த தழும்பு அது. அதை அவன் உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. அவனைப் பார்த்துக்கொள்ள ஆம்பூர் ஷூ கம்பெனித் தையல் வேலையையும் விட்டிருந்தாள்.

"நான் இன்னா பண்ணேன் அண்ணி?"

"இன்னா பண்ணியா? அவன் கையைப் பாரு, டம்ளரைக்கூட புடிக்க முடியல. ரத்தத்துல மருந்து மூணு பங்கு ஜாஸ்தியாம். நேத்து டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், பொண்டாட்டிதான் ஜாஸ்தியா குடுத்துட்டான்னு. எழுதிக்கிட்டாரு..."

டைட்டஸ் தலை நிமிரவில்லை.

அப்போது ஃபீபியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி மருந்தகம். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டர் சொல்லி நேத்து உங்ககிட்ட வாங்கின மாத்திரை அட்டைங்களை எண்ணிட்டோம்மா. ஒரு மாத்திரைகூட ஜாஸ்தி போகல. புதுசா ஏதாவது சாப்பிடுறாரா? கஷாயம், பம்பளிமாஸ் மாதிரி பழம்?"

ஜெயபுஷ்பத்தின் முகம் வெளிறியது. இரண்டு வாரத்துக்கு முன், சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்தவற்றை ஏலம் விட்டபோது ஒரு கூடை பம்பளிமாஸை விடாமல் கேட்டு எடுத்தவள் அவள்தான்.

"காணிக்கைப் பழம்... தம்பிக்குத் தெனம் நாலு சுளைதான் குடுத்தேன். இவ தடுப்பான்னு சொல்லல..."

"அதான்மா. குடல்ல ஒரு நொதி இருக்கு. முழுங்குற மருந்துல பெரும்பங்கை அதுவே செதச்சிடும். மிச்சம்தான் ரத்தத்துக்குப் போவும், அதுக்கேத்த மாதிரிதான் டோஸ். இந்தப் பழத்துல இருக்கற சத்து அந்த நொதியை முடக்கிடும். அப்போ அளவா போட்ட மாத்திரையே விஷமாயிடும். கிட்னியைக் கெடுத்துடும். இன்னிக்கு மாத்திரை போடாம உடனே கெளம்பி வாங்க."

ஃபீபி கணவன் பக்கம் திரும்பினாள்.

"தின்னது நீதானே? அக்கா என்னைத் திட்டும்போது வாய்ல இன்னா வச்சிருந்த?"

"அக்கா மனசு நோவுமேன்னு..."

"உனக்குள்ள கெடக்கறது என்னுது. அதை நானே கெடுப்பேனா?"

ஜெயபுஷ்பம் விம்மியபடி அவளைக் கட்டிக்கொண்டாள். "தெரியாம பண்ணிட்டேன்மா... மன்னிச்சுடு."

ஃபீபியின் கைகள் எழவில்லை. அந்த முந்தானை முடிச்சை மட்டும் அவிழ்த்து, சாவியை எடுத்துக்கொண்டாள்.

"அழுதது போதும் அண்ணி. செருப்பு போடுங்க. எத்தன சுளை, எத்தன நாள், எல்லாம் டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும். என்னைப் பத்தி எழுதினதை அவர் அடிக்கறதை நான் கண்ணால பாக்கணும்."