ஒற்றை மாலை

ஆடிப்பெருக்கு அன்று நீடாமங்கலத்துப் புதுப்பெண்கள் தங்கள் கல்யாண மாலையை ஊர்ப் படித்துறையில்தான் ஆற்றில் விடுவார்கள். குந்தவைக்கு மட்டும் அது போதவில்லை. தங்கள் ஊரில் பிரிகிற கோரையாறு கடலில் போய்க் கலக்கிற இடத்தில், படகில் உட்கார்ந்துகொண்டு விட வேண்டுமாம். போட்டோ நன்றாக வருமாம். அவள் கேட்டு இளஞ்செழியன் மறுப்பானா? மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு புதுக் காரை எடுத்துக்கொண்டு முத்துப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

துணைக்கு ராஜாத்தியையும் இழுத்துக்கொண்டு போனார்கள். குந்தவையின் அக்கா. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. இளஞ்செழியன் வேலை பார்க்கும் வங்கியில்தான் அவளும் இருந்தாள். இரண்டு வருஷம் பக்கத்து நாற்காலி. மதியம் அவள் டப்பாவில் பாதி அவனுக்கு. பொங்கலுக்கு அவனை வீட்டுக்குக் கூப்பிட்டவளும் அவள்தான். வந்தவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தான். வைகாசியில் தாலியே கட்டிவிட்டான். அதுவரை "ராஜி, ராஜி" என்றவன் மறுநாளே "அக்கா" என்றான். அந்த "அக்கா"வைக் கேட்கும்போதெல்லாம் ராஜாத்திக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேட அவளுக்கு மனமில்லை.

அந்த எரிச்சலில்தான் காலையில் அந்தக் காரியத்தைச் செய்தாள். காய்ந்த மாலைகள் இரண்டையும் அம்மா மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தாள். அதிலிருந்து பெண் மாலையை மட்டும் ராஜாத்தி உருவித் தன் தோள்பைக்குள் திணித்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. என் கழுத்துக்கு வந்திருக்க வேண்டியது, அவ்வளவுதான்.

முத்துப்பேட்டைத் துறையில் படகுக்காரர் லியாகத் அலி மூவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு இடம் சொன்னார்.

"ஜோடியா ஒரே பக்கம் உக்காராதீங்க தம்பி, படகு சாயும். தங்கச்சி அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். அக்கா நடுப்பலகையில இருக்கட்டும்."

படகிலும் தான் நடுவில்தானா என்று ராஜாத்திக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை அது.

ஆற்றின் இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. உப்பும் அழுகிய இலையும் கலந்த வாடை. காடு முடிந்து நீர்ப்பரப்பு விரிந்ததும் லியாகத் அலி இன்ஜினை அணைத்தார். குந்தவை போட்டோவுக்காக லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் பையைத் திறந்தாள்.

"ஏங்க, ஒண்ணுதான் இருக்கு! என் மாலை எங்க?"

"வீட்டுலயே அத்தை விட்டுட்டாங்களோ?" என்றான் இளஞ்செழியன்.

"அக்கா, நீ பார்த்தியா?"

"இல்லையே" என்றாள் ராஜாத்தி.

தங்கையின் முகம் சுருங்கிப் போனது. ராஜாத்திக்கு உள்ளுக்குள் இனித்தது.

"ஒத்த மாலையை விடாதீங்க தம்பி" என்றார் லியாகத் அலி. "ஜோடியா இருந்தா விடுங்க. இல்லேன்னா எடுத்துட்டுப் போயிடுங்க."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு பாய்" என்று இளஞ்செழியன் தன் மாலையை நீரில் வீசினான்.

அது கடலைப் பார்த்துக் கொஞ்ச தூரம் போனது.

நின்றது.

பிறகு ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பிப் படகை நோக்கி வந்தது. குந்தவை உட்கார்ந்திருந்த பக்கம் வந்ததும் வட்டமாக விரிந்தது. யாரோ அடியிலிருந்து அதற்குள் கழுத்தை நுழைத்துக்கொண்டதுபோல, ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டது.

மேற்கே வானம் கறுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்கள்.

காற்று சொல்லிக்கொள்ளாமல் வந்தது. ஆடிக் காற்றுக்கு என்ன மரியாதை தெரியும்? கூரைத் தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போனது. மழை குறுக்காக அடித்தது. லியாகத் அலி கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். இன்ஜின் இருமிவிட்டு அடங்கியது. கரை இருந்த திசையே தெரியவில்லை. அந்த மழைக்குள்ளும் ஒரு வாசனை வந்தது. சேற்று வாடை இல்லை. அன்று காலையில்தான் கட்டியதுபோல ரோஜாவும் சம்பங்கியும்.

படகு குந்தவை பக்கம் சாய்ந்தது.

"தம்பி, இந்தப் பக்கமே இருங்க! அக்கா, நீங்களும் அவர் பக்கத்துல போங்க!" என்று கத்தினார் லியாகத் அலி.

ராஜாத்தி போய் இளஞ்செழியன் அருகில் உட்கார்ந்தாள். லியாகத் அலியும் அந்தப் பக்கமே உடம்பைச் சாய்த்தார். இங்கே மூன்று பேர். அங்கே கொடிபோல ஒரு பெண்.

படகு இன்னும் குந்தவை பக்கமே சாய்ந்தது.

தண்ணீர் விளிம்பைத் தொட்டுத் தொட்டு உள்ளே வழிந்தது. கழற்றி வைத்த ஜாக்கெட் மிதந்து வெளியே போனது. குந்தவை எழுந்துவரப் பார்த்தாள். முடியவில்லை. தோளை யாரோ அமுக்குவதுபோல மறுபடி உட்கார்ந்தாள்.

"அக்கா..." அவள் குரல் மழையில் சரியாகக் கேட்கவில்லை. "என் கழுத்தை யாரோ தடவுறாங்க."

ராஜாத்தி பார்த்தாள். தங்கையின் கழுத்தில் ஈரமான நாலு விரல் தடம் ஊர்ந்தது. இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு. எதையோ தேடுகிற கை.

அது என்ன தேடுகிறது என்று ராஜாத்திக்குத் தெரிந்துவிட்டது.

பை அவள் மடியில்தான் இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். யாரும் அவளைக் குற்றம் சொல்லப்போவதில்லை. காற்றைச் சொல்வார்கள், படகைச் சொல்வார்கள். இளஞ்செழியனின் தோள் அவள் தோளை உரசிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம், வெட்கமே இல்லாமல், அப்படியே நடக்கட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

குந்தவையின் தலை பின்னால் வளைந்தது. கூந்தல் நுனி தண்ணீரில் விழுந்தது. சின்ன வயதில் கிணற்றடியில் அந்தத் தலைக்கு எத்தனை நாள் சீயக்காய் தேய்த்துவிட்டிருக்கிறாள்!

"விடு அவளை!" ராஜாத்தி பையைக் கிழிக்காத குறையாக மாலையை வெளியே இழுத்தாள். "இதோ இருக்கு! நான்தான் எடுத்தேன். என்கிட்டதான் இருக்கு!"

குந்தவை அவளைப் பார்த்தாள். இளஞ்செழியனும் பார்த்தான். அந்தப் பார்வைகளுக்கு அவள் அப்படியே செத்துப் போயிருக்கலாம்.

படகு நிமிர்ந்தது.

பிறகு, மெதுவாக, ராஜாத்தியின் பக்கம் சாய்ந்தது.

மாலையைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தாள். அது சாதுவாகக் கடலைப் பார்த்துப் போனது. யாரும் அதைப் பிடித்து இழுக்கவில்லை. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

பாரம் மட்டும் போகவில்லை. அவள் இடது பக்கம், பலகையில் காலியாக இருந்த இடத்தில், சம்பங்கி வாசனை நெருக்கி உட்கார்ந்திருந்தது.

இன்ஜின் முதல் இழுப்பிலேயே உயிர் பெற்றது.

துறைக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. இளஞ்செழியன் இறங்கினான்; படகு கொஞ்சம் எழும்பியது. குந்தவை இறங்கினாள், இன்னும் கொஞ்சம். ராஜாத்தி கரையில் கால் வைத்தாள். படகு எழும்பியது.

பின்னால் யாருமே இல்லை. ஆனாலும் மறுபடி ஒருமுறை, யாரோ இறங்கியதுபோல, எழும்பிக் குலுங்கி நின்றது.

லியாகத் அலி அவளை நேராகப் பார்க்காமல் கயிற்றைக் கட்டினார்.

"இதே மாதிரி ஒரு ஆடிக்கு அக்கா தங்கச்சி வந்தாங்கம்மா. தங்கச்சிக்குப் புதுசாக் கல்யாணம். அன்னைக்கும் ஒத்த மாலையைத்தான் விட்டாங்க. காத்துல படகு கவுந்துடுச்சு. தங்கச்சியைத் தூக்கிட்டேன். அக்காகாரி கிடைக்கவே இல்லை." முடிச்சை இறுக்கினார். "அவ மடியிலயும் ஒரு பை இருந்துச்சு."

காரில் குந்தவை முன்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ராஜாத்தி கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். தங்கை ஒரு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. வண்டி கிளம்பியதும் 'டிங், டிங்' என்று சத்தம் வர ஆரம்பித்தது.

"பெல்ட் போடுங்க" என்றான் இளஞ்செழியன். அக்கா என்று சொல்லவில்லை.

"போட்டுட்டேன்."

"அப்ப பையைப் பக்கத்துல வச்சிருக்கீங்களா? சீட்டுல வெயிட் இருந்தா அது கத்தும்."

பை அவள் மடியில் இருந்தது.

டிங். டிங். டிங்.

"அந்தச் சத்தத்தை நிறுத்துங்களேன்" என்றாள் குந்தவை அழுகிற குரலில்.

ராஜாத்தி கையை நீட்டினாள். பக்கத்து இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றுவிட்டது.

காலி இருக்கையில் அந்தப் பெல்ட் தட்டையாகப் படியவில்லை. வளைந்து நின்று, மூச்சுக்கு மூச்சு, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.