நீலச் சுவர்

ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பிய வேன் தாம்பரம் கடந்து, மாடம்பாக்கம் கோயிலையும் தாண்டி ஏரிப்பக்கம் திரும்பியபோது காலை பத்து மணி. டொரண்டோ சபையிலிருந்து ஊழியத்துக்கு வந்த குழுவில் தமிழ் தெரிந்தவன் ஸ்டெபின் ஒருவன்தான். பெற்றோருக்கு நாகர்கோவில், இவன் பிறந்து வளர்ந்தது கனடா. அநாதை இல்லத்தில் பத்து நாள் வேலை செய்தால் புண்ணியத்துக்குப் புண்ணியம், வேலைக்கு மனு போடும்போதும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தான். அதைப் பிறகு நினைத்தபோது தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

கேட் திறந்ததும் பதினாறு குழந்தைகள் வரிசையாக நின்று பாடின. போதகர் ஆபேல், மடிப்புக் கலையாத வெள்ளை ஜிப்பாவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் அநாதைப் பிள்ளைங்க. கர்த்தரையும் உங்களையும் விட்டா இதுங்களுக்கு நாதி கிடையாது."

குழுத் தலைவி கரோலின் அழுதாள். மூன்று வருஷமாக வருகிறாள், மூன்று வருஷமும் இதே இடத்தில் அழுதாளாம்.

ஸ்டெபினுக்குக் கிடைத்த வேலை சாப்பாட்டுக் கூடத்தின் பின்சுவர். வெள்ளைச் சுவருக்கு நீலம் அடிக்க வேண்டும். நாலாம் நாள் மத்தியானம் மற்றவர்கள் குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் காட்டப் போய்விட, இவன் மட்டும் உருளையும் டப்பாவுமாக நின்றான். யாரோ எப்போதோ அனுப்பிய பொம்மைப் பெட்டிகள் ஜன்னலை அடைத்திருந்ததால் பகலிலேயே கூடம் இருட்டியிருந்தது. கரண்ட் போனது. மின்விசிறி முனகி நின்றது. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த விமானப்படை விமானத்தின் இரைச்சலும் தேய்ந்து போனது.

பாதிச் சுவர் முடித்தபின்தான் கவனித்தான். இடுப்பு உயரத்தில் ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் பிடிக்கவில்லை. மறுபடி உருட்டினான். ஒட்டாமல் வழிந்தது. எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும் என்று துணியால் அழுத்தித் துடைக்கப் போனான்.

சுவர் சுட்டது.

வெயிலே படாத சுவர். மற்ற இடமெல்லாம் சில்லென்றிருக்க, அந்த ஒரு சாண் இடம் மட்டும் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போலக் கொதித்தது.

நீலத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு உள்ளங்கை தெரிந்தது. சின்னக் கை. சுண்டுவிரல் மட்டும் பாதியில் நின்றிருந்தது.

பின்னாலிருந்து யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முழங்கையில் சூடான மூச்சு பட்டது.

"அண்ணா... எங்கம்மா வந்துச்சா?"

திரும்பினான்.

யாருமில்லை.

சட்டை மட்டும் இன்னும் இழுபட்டபடியே இருந்தது.

டீ கொண்டு வந்த சமையல்கார ரத்தினபாய் சுவரைப் பார்த்ததும் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, யாரு இது?"

ரத்தினபாய் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "நிஷா. எட்டு வயசு. கோவளத்துல மீன் விக்கிற முத்தாலம்மா பொண்ணு."

"அம்மா இருக்காங்களா? அநாதைன்னு சொன்னாரே?"

"இங்க பாதிப் பிள்ளைக்கு அம்மா இருக்கு தம்பி. இங்கிலீஷ் மீடியத்துல படிக்க வைக்கிறோம்னு சொல்லி, இந்தப் பிள்ளைக்கு யாருமே இல்லைன்னு எழுதின பேப்பர்ல அந்த அம்மாகிட்டயே கைநாட்டு வாங்கினார் ஐயா. சின்னதுல அருவாமனைல பட்டு அதுக்குப் பாதிச் சுண்டுவிரல் போச்சு."

"இப்ப எங்க அவ?"

"போன வருஷம் டீம் வந்திருந்தப்ப நாலு நாளா காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனா டான்ஸ்ல ஒரு ஆள் குறையுமாம். மாத்திரையைக் கொடுத்து, பவுடர் போட்டு, ஆட விட்டார். விடியறதுக்குள்ள போயிருச்சு. பேப்பர்ல அநாதைதானே, கேக்க யாரு? சத்தமில்லாம புதைச்சாச்சு. பெத்தவ வந்தா, பெங்களூர் ஸ்கூல்ல சேர்த்திருக்கோம்னு சொல்றார். அது மாசாமாசம் வருது. நானும் வாயை மூடிக்கிட்டு சோறு வடிக்கிறேன்." அவள் சுவரைக் காட்டினாள். "அதுதான் மூட மாட்டேங்குது. இந்தச் சுவருக்குத்தான் போன டீமும் பெயிண்ட் அடிச்சாங்க, அதுக்கு முந்தின டீமும் அடிச்சாங்க. நீங்க ஊருக்குப் போன மறுநாளே வெள்ளை அடிச்சிருவார். அடுத்த டீமுக்கு வேலை வேணாமா?"

ஸ்டெபினுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. நேரே கரோலினிடம் போய்க் கொட்டினான். அவள் முகம் மலர்ந்தது.

"அந்தக் குழந்தையா! நடனம் முடிந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மொழி புரியவில்லை, அன்பு புரிந்தது. உடம்பு எவ்வளவு கதகதப்பாக இருந்தது தெரியுமா? ஒரு வருஷமாக எல்லாச் சபையிலும் இதைத்தான் சாட்சியாகச் சொல்கிறேன்."

அந்தச் சூடு காய்ச்சல் என்று அவன் சொன்னதும் மலர்ந்த முகம் சுருங்கியது. மிச்ச நாட்களைக் கெடுக்காதே, போதகர் தந்தையைப் போன்றவர் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கரோலின் சொல்லித் தெரிந்துகொண்ட ஆபேல் அவன் தோளில் கை போட்டு அழைத்துப் போனார். "தம்பி, பொண்ணு படிக்கிறான்னு அந்த அம்மா சமாதானமா இருக்கு. அதைக் கெடுத்து உங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது? இல்லத்தை மூடினா பதினாறும் தெருவுக்கு வரும். அந்தப் பாவம் உங்களுக்கு வேணாம்."

மூன்று வேளையும் ஜெபிக்கிற வாய். அதில் ஒரு நடுக்கம்கூட இல்லை. பதினாறு குழந்தைகளைக் காட்டியே அவர் அவன் வாயைக் கட்டிப்போட்டார். அவனும் ஆறு நாள் கட்டுண்டுதான் கிடந்தான், வெட்கங்கெட்டவன்.

கடைசி நாள் சாயங்காலம் வழியனுப்பு விழா. மேடையில் ஆபேல் மைக் பிடித்திருந்தார். கேட்டருகே முத்தாலம்மாள் எவர்சில்வர் டப்பாவோடு நின்றாள்.

"யாராச்சும் பெங்களூர் போனா குட்த்து அனுப்புபா. வறுத்த நெத்திலி. எம் பொண்ணுக்கு உசுரு."

ஸ்டெபின் தலையாட்டி டப்பாவை வாங்கிக்கொள்ளத்தான் போனான்.

சட்டை இழுபட்டது.

முழங்கையில் மூச்சு கொதித்தது.

"அண்ணா... எங்கம்மா வந்துச்சா?"

"வந்துட்டாங்க" என்றான், வாய்விட்டு. பிறகு அவளை நேராகப் பார்த்தான். "அம்மா, நிஷா பெங்களூர்ல இல்ல. போன வருஷமே இங்கயே செத்துட்டா. நாலு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக்கூட கூட்டிட்டுப் போகல. என்னை மன்னிச்சிருங்க, ஆறு நாளா எனக்குத் தெரியும்."

"இன்னாபா ஒளர்ற? எம் பொண்ணு பட்ச்சிகினு கீதுபா..."

அவளைச் சுவரிடம் கூட்டிப்போனான். பார்த்தாள். அந்தப் பாதிச் சுண்டுவிரலைப் பார்த்த பிறகு அவள் யாரையும் எதையும் கேட்கவில்லை. தன் கையை அந்தக் கையின் மேல் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவேயில்லை.

எடுத்தபோது உள்ளங்கை முழுக்க நீலம்.

பெயிண்ட் காய்ந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

முத்தாலம்மாள் நடந்தாள். மேடை ஏறினாள். ஆபேல் கண்ணை மூடி, "திக்கற்ற பிள்ளைகளின் தகப்பனே" என்று உருகிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு எங்கடா?"

அவர் நெஞ்சில் ஓங்கி ஒரு அறை. மைக் உருண்டது. ஆபேல் கண்ணைத் திறந்து, குனிந்து தன் ஜிப்பாவைப் பார்த்தார். கீழே எல்லோரும் பார்த்தார்கள்.

மீன் வெட்டிக் காய்த்த, அகன்ற கை அவளுடையது. வெள்ளைத் துணியில் பதிந்திருந்ததோ சின்னக் கை. சுண்டுவிரல் பாதி.

ஸ்டெபினும் ரத்தினபாயும் முத்தாலம்மாளோடு போலீஸுக்குப் போனார்கள். நடந்தது அத்தனையும் எழுதிக் கொடுத்தார்கள். நாலு மாதமாக விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. ஆபேலும் ஜாமீனில் வந்து பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார்.

டொரண்டோவிலிருந்து ஸ்டெபின் ஒரு வாரம்கூட விடாமல் அவருடைய பிரசங்க நேரலையைப் பார்க்கிறான். ஆபேல் ஒவ்வொரு வாரமும் புது ஜிப்பா போட்டுக்கொண்டு, பளபளவென்று வந்து நிற்கிறார். ஜெபத்துக்குக் கை தூக்கிக் கண்ணை மூடுகிறார்.

அப்போதுதான் வரும். நெஞ்சின் இடப்பக்கம் முதலில் ஒரு நீலப் பொட்டு, பிறகு உள்ளங்கை, பிறகு ஒவ்வொரு விரலாக நாலு, கடைசியில் அந்தப் பாதி.

காமிரா சட்டென்று சிலுவைப் பக்கம் திரும்பிவிடும். ஆனால் அவர் இருமுவது கேட்கும். உடம்பு கொதிக்கிறது, யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று அவர் முனகுவதும் கேட்கும்.