நாலு கம்பியும் மூன்று பியூஸும்

1979-ம் வருஷம், சித்திரை வெயிலில் அலங்காநல்லூர் பஸ்ஸைப் பிடித்துத் தல்லாகுளத்துக்கு வந்திருந்தாள் தங்கப்பொண்ணு. ரிட்டயரான எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரையின் வாசலில் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பஞ்சு ஜின்னிங் பேக்டரியில் வயர் தீப்பிடித்து, சோணையம்மாள் என்ற கூலிக்காரி செத்துப்போனாள். ஆனால் பியூஸ் போகவே இல்லை. வயர்மேன் சங்கிலி பியூஸில் தடித்த கம்பி கட்டியிருந்தான், தீக்குப் பிறகு மாற்றிவிட்டான் என்று போலீஸ் பிடித்துப்போய்விட்டது.

“எம்புருசன் அப்படிச் செய்யிற ஆளில்லைய்யா.”

பேச்சிமுத்துவுக்குக் கை பரபரத்தது. வெள்ளைத்துரையிடம் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். துப்பு என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். அடுத்த பஸ்ஸில் மூவரும் பேக்டரிக்குப் போனார்கள். கரண்டை நிறுத்தி வைத்திருந்த டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் இருந்த மூன்று பியூஸையும் அவரே உருவிப் பார்த்தார்.

“அண்ணே, மூணும் சரியான கம்பி. மாத்தித்தான் இருக்கான்!”

“நிறத்தைப் பாரு.”

இரண்டு கறுத்திருந்தன. ஒன்று பளபளத்தது.

“பெறகு மாத்தியிருந்தா மூணும்ல பளபளக்கணும்? இந்த ரெண்டும் சூடு தாங்கி நின்ன கம்பி. சங்கிலி மாத்தலை.”

தங்கப்பொண்ணு கும்பிட்டபடியே அழுதாள். பேச்சிமுத்துவுக்கு வயிறு குளிர்ந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம்.

“அப்ப பியூஸ் ஏண்ணே போகலை?”

வெள்ளைத்துரை டிரான்ஸ்பார்மரைச் சுற்றி வந்தார்.

“உள்ள மூணு கம்பி போகுது, வெளிய, கரண்ட் திரும்புற நியூட்ரலோட சேத்து, நாலு வருது. வெளிய ஒரு கம்பியும் நியூட்ரலும் மட்டுந்தான் வெந்திருக்கு. அந்த ஒத்தைக் கம்பியில நூறு பங்கு பாரம் ஏறினா, இதோட சுத்துக் கணக்குப்படி முன்னால ரெண்டு பியூஸுக்குத் தலைக்கு அம்பத்தெட்டுப் பங்குதான் தெரியும். மூணாவதுக்கு ஒண்ணுமே தெரியாது, அதான் அது பளபளக்குது. எப்படிப் போகும்? வெளிப்பக்கமும் பியூஸ் வச்சிருக்கணும். வயர் இழுத்தது யாரும்மா?”

“அவுகதான்யா. பழைய டிரான்ஸ்பார்மருக்கும் இப்படி முன்னால மட்டுந்தான் பியூஸ் வச்சாக. இருவது வருசமா ஒரு குறையுமில்லை.”

“அதுல ரெண்டு போகும், ரெண்டு வரும். அந்தப் பக்கம் ஏறினது இந்தப் பக்கம் முழுசாத் தெரியும். முன்னால இருக்கிற பியூஸே போதும். இது அப்படியில்லையே.”

அவள் கும்பிட்ட கையை இறக்கினாள். “இதையும் போலீஸ்ல சொல்லுவீகளா?”

“சொல்லாம முடியாதும்மா. ஒரு உசுரு போயிருக்கு. எழுதினா ரெண்டையும்தான் எழுதணும்.”

பேச்சிமுத்துவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பியூஸைத் திரும்ப மாட்டவும் கை வரவில்லை.

“மொதல்ல சொன்னதோட நிறுத்தியிருக்கக் கூடாதாய்யா?”

அவள் கேட்டது வெள்ளைத்துரையிடம். பார்த்தது பேச்சிமுத்துவை.