எந்த டிஸ்க் இருந்தாலும் எழும்பும்

"எனக்கு ஒரு நாற்காலி வேணும்," என்றாள் வள்ளிநாயகி.

சாத்தப்பன் செட்டியார் ரப்பர் தோட்டத்து ஆபீசில் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் மங்கம்மா மகளை வளர்த்திருந்தாள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவதுதான் அங்கே வழக்கம். மங்கம்மா இன்னமும் அங்கேதான் பால்மரம் வெட்டுகிறாள். மகள் வள்ளிநாயகி பட்டம் வாங்கி, லோபாக்கில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறாள். வழக்கமாக ரிப்பேருக்கு வருபவன் லீவு போட்டதால், அன்று மழையில் பஸ் மாறி மாறி அவள் வந்து நின்றாள்.

உள்ளே இருந்த இளைஞன் எழுந்து தன் நாற்காலியையே அவள் பக்கம் தள்ளிவிட்டான். முதலாளி மகன் சோலையப்பன். மழைநீர் வழியும் அவள் முகத்தைப் பார்த்தவன்… பார்த்துக்கொண்டே இருந்தான். என்ன கண்ணடா இது, மழையில் நனைந்த கன்றுக்குட்டி மாதிரி என்று நினைத்தவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"செத்துப் போச்சுங்க," என்றான், கம்ப்யூட்டரைக் காட்டி.

"சாகல. ஃப்ளாப்பி டிஸ்கை உள்ளயே விட்டுட்டு ஆன் பண்ணிருக்கீங்க. டிஸ்க் உள்ள இருந்தா அதுலதான் எழும்பப் பார்க்கும். அதுல ஒண்ணும் இல்லன்னா இப்படித்தான் முழிக்கும்." டிஸ்கை உருவி எடுத்தாள். கம்ப்யூட்டர் எழுந்தது. "இதுக்கா என்னை இழுத்தடிச்சீங்க?"

"கோப்பி குடிக்கிறீங்களா?"

"கேட்டதுக்கு இதுவா பதில்?"

அடுத்த வாரமும் கம்ப்யூட்டர் செத்தது. அதற்கடுத்த வாரமும்… அதே டிஸ்க், அதே கன்றுக்குட்டி முழி, சூடாக ஒரு கோப்பி. திட்டிக்கொண்டே வந்தாள். குடித்துவிட்டுப் போனாள். செனாவாங்கில் தங்கியிருக்கும் அறைக்குத் திரும்பும் பஸ்ஸில் கால் கடுக்கும். மனசு மட்டும் என்னவோ செய்யும்.

இன்று ஒரு புது மென்பொருளோடு வந்திருந்தாள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "ஆபீஸ் டிஸ்க் எல்லாத்தையும் எடுங்க," என்றாள்.

"எல்லாமா? எதுக்கு?"

"எல்லாத்தையும் பூட் டிஸ்க் ஆக்கப் போறேன். இனிமே எதை உள்ள விட்டாலும் கம்ப்யூட்டர் எழும்பும். நீங்க மறந்தாலும் சரி… மறந்த மாதிரி நடிச்சாலும் சரி."

அவன் காது சிவந்தது. "தெரியுமா?"

"மூணு தடவை ஒரே டிஸ்கை மறக்க ஆளு வேணும் லா."

ஒவ்வொன்றாகப் போட்டாள். எழுதியதும் அந்த டிஸ்கிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பிச் சோதித்தாள். ஒவ்வொரு தடவை அது எழுந்தபோதும் அவன் முகம் இன்னும் கொஞ்சம் விழுந்தது.

"அப்ப உங்கள வரவைக்க வேற வழியே இல்லயா?"

"இருக்கு. வாயைத் திறந்து…"

வாசலில் கார் வந்து நின்றது. குடையை மடக்கிக்கொண்டே சாத்தப்பன் உள்ளே வந்தார். "இது மங்கம்மா மகதானே? என்ன, சட்டமா உள்ள உக்காந்திருக்கு?"

வள்ளிநாயகி எழவில்லை. சோலையப்பனைப் பார்த்தாள். சொல்லு… ஒரே ஒரு வார்த்தை சொல்லு.

"கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த பொண்ணு, அப்பச்சி," என்றான் அவன் அப்பாவிடம், தரையைப் பார்த்து.

"முடிஞ்சதும் அனுப்பு. இதுகளுக்கு இடம் கொடுத்தா அப்புறம் வீட்டுக்குள்ள வரும்." அவர் ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடம் பார்க்கப் போய்விட்டார்.

கடைசி டிஸ்கும் எழும்பியது. அவள் பையை மூடினாள்.

"வள்ளி… எனக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும். மொத நாள்லேர்ந்தே. அப்பச்சிகிட்ட நேரம் பார்த்துச் சொல்றேன்."

"எனக்கும் பிடிக்கும்," என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "ரெண்டாவது தடவையே உங்க நடிப்பு தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன். கடையில வேற ஆளை அனுப்புறேன்னாங்க, நானே போறேன்னு சண்டை போட்டு வந்தேன். போதுமா?"

அவன் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன?"

"இனிமே சாக்கு இல்லாம உங்களால பேச முடியுதான்னு பார்க்கத்தான் இன்னைக்கு இதைக் கொண்டு வந்தேன். பார்த்துட்டேன். எங்கம்மா வாழ்நாள் பூரா உங்கப்பாவுக்கு நேரம் பார்த்துத்தான் பேசுனாங்க. எனக்கு அந்தத் தெம்பு இல்ல."

"வள்ளி, மழை விடட்டும்…"

"விடாது," என்றாள்.

மழையிலேயே இறங்கி நடந்தாள்.