கனவுக்குள் போன மணி

மூக்கண்டப்பள்ளியில் ஜெசி குடியிருந்த கட்டடத்தின் நான்காம் மாடியில், காலை ஒன்பது மணிக்குத்தான் இரவு தொடங்கும்.

இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். குளித்து, சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஜன்னல்களில் தடித்த போர்வைகள் தொங்கும். ஏர்கூலர்கள் ‘உம்ம்’ என்று முனகத் தொடங்கும். வெளியே மே மாத வெயில் காய, உள்ளே மங்கிய இருட்டில் எல்லோரும் மிதந்துகொண்டிருப்பார்கள்.

அந்த நேரத்தில் ஜெசி நுனிக்காலில்தான் நடப்பாள். பள்ளி விடுமுறை. அம்மா ஜெபமணி பகல் ஷிப்டுக்குப் போயிருப்பாள். அப்பா சகாயநாதன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவார். ஜெசி வராந்தாவில் உட்கார்ந்து படம் வரைவாள். பென்சில் சீவும் சத்தம்கூட அங்கே பெரிதாகக் கேட்கும்.

அன்று பத்தரை மணிக்கு ஒரு அக்கா மாடி ஏறி வந்தாள். தோளில் பை, கையில் நீளமான கம்பு. கம்பின் நுனியில் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருந்தது. பின்னால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாதுரை மாமா மூச்சு வாங்க வந்தார்.

“என்னக்கா, மாங்கா பறிக்கவா?” என்று ஜெசி மெல்லிய குரலில் கேட்டாள்.

அக்கா சிரித்தாள். அவள் பெயர் ரூபா. தீ எச்சரிக்கை மணிகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. போன மாதம் கீழ்த்தளத்தில் மீட்டர் பெட்டி புகைந்தது. வாட்ச்மேன் மண்ணைக் கொட்டி அணைத்துவிட்டார். ஆனால் மணி அடிக்கவே இல்லை. அதனால்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“கீழ ஏன்க்கா அடிக்கல?”

“சொவத்துக்கு பெயிண்ட் அடிச்சப்ப, புகை கண்டுபுடிக்கிற கருவிக்கு பிளாஸ்டிக் மூடி போட்டிருக்காங்க. ரெண்டு வருசமா யாரும் கழட்டல. மூக்கைப் பொத்திட்டு இருந்தா, பாவம், அது எப்படி மோப்பம் புடிக்கும்?”

நான்காம் மாடியின் கூரையிலும் அதே போல் ஒரு வட்டக் கருவி இருந்தது. ரூபா தூசியைத் துடைத்தாள். ஒரு சிலந்தியைக் காகிதத்தில் ஏந்தி வெளியே விட்டாள். பிறகு கம்பை உயர்த்தி, கிண்ணத்தால் கருவியை மூடினாள். கிண்ணத்துக்குள் சோதனைப் புகை நிரம்பியது.

“பாப்பா, நீ அந்தக் கோடிக்குப் போய் நில்லு. மணி கேட்டா கையைத் தூக்கு.”

ஜெசி ஓடிப்போய் நின்றாள். மணி அலறியது. கைப்பிடிச் சுவரில் இருந்த புறாக்கள் ஒன்றாகப் பறந்தன. ஜெசி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையைத் தூக்கினாள்.

“நல்லா வேலை செய்யுது,” என்று அண்ணாதுரை மாமா தாளில் எழுதிக்கொண்டார்.

ஜெசி வராந்தாவைப் பார்த்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. தன் வீட்டுக் கதவை மெல்லத் தள்ளி எட்டிப் பார்த்தாள். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது. கண் மூடியே இருந்தது.

“மாமா, யாரும் எந்திரிக்கலையே.”

“நேத்தே நோட்டீஸ் ஒட்டிட்டேன் பாப்பா. சோதனைன்னு தெரியும். அதான் பேசாம படுத்திருக்காங்க.”

ரூபா ஜெசியைப் பார்த்தாள். பிறகு மூடிய கதவுகளைப் பார்த்தாள். “தெரிஞ்சு படுத்திருக்காங்களா, தெரியாம படுத்திருக்காங்களான்னு இந்தக் கருவி சொல்லாது,” என்றாள். “புகை வந்தா சத்தம் போடும். அவ்வளவுதான் இதால முடியும். எழுப்பிக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாது. மத்த மாடியெல்லாம் பாக்க நாளைக்கு வருவேன். முடிஞ்சா இவங்க எந்திரிச்சதும் மணி கேட்டுச்சான்னு விசாரிச்சு வைக்கிறியா?”

ஜெசி தலையாட்டினாள்.

மாலை ஐந்து மணிக்கு நான்காம் மாடியில் காலை விடிந்தது. அப்பா டீ டம்ளரோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அப்பா, இன்னைக்கு மணி அடிச்சதே, கேட்டுச்சா?”

“எந்த மணி?” அப்பா நெற்றியைச் சுருக்கினார். “நான் சானமாவு காட்டுல இல்ல இருந்தேன். மரத்துக்கு மரம் சில்வண்டு கத்துது கண்ணு. அப்படி ஒரு கத்தல். முன்னால ஒரு யானை. அது போற வரைக்கும் அசையாம நிப்போம்னு நின்னேன்.”

“கனவா?”

“கனவுதான். யானை நல்ல யானை. ஒண்ணும் பண்ணல.”

ஜெசிக்கு அப்போதுதான் புரிந்தது. மணி அப்பாவின் காது வரைக்கும் வந்திருக்கிறது. அவரை எழுப்பாமல் கனவுக்குள் போய் சில்வண்டாக மாறிவிட்டது.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். கல்லாவியிலிருந்து வேலைக்கு வந்த கங்கப்பன் மாமா பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கனவா? ஆமா, வந்துச்சே. எங்க ஊர் ஸ்கூல்ல கடைசி மணி அடிச்சாங்க. பையைத் தூக்கிட்டு ஓடறேன், ஓடறேன், வரப்பு மேலயே ஓடறேன். எந்திரிச்சப்புறமும் சந்தோசமா இருந்துச்சு. ஏன் கேக்குற?”

“சும்மாதான் மாமா.”

அதற்கடுத்த வீட்டு முனீஸ்வரன் அண்ணனின் கனவில் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. பிரியாணி போட்டார்களாம்.

“முட்டை இருந்துச்சா?”

“ரெண்டு,” என்றார் அவர் பெருமையாக.

கடைசி வீடு சென்னம்மா அத்தையுடையது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்ப்பவர். ஜெசியைப் ‘புட்டி’ என்றுதான் கூப்பிடுவார். கன்னடத்தில் அதற்குக் குட்டிப்பெண் என்று அர்த்தம். முதல் மாதம் முழுக்க, அத்தை தண்ணீர்ப் புட்டியைத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஜெசி எடுத்துப்போய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“மணி கேட்டுச்சே புட்டி,” என்றார் அத்தை.

ஜெசிக்கு அப்பாடா என்று இருந்தது. “அப்புறம் என்ன பண்ணீங்க?”

“எந்திரிச்சேன். கதவைத் தொறந்தேன். படி எறங்கிக் கீழ போனேன். படியெல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சு, தண்ணிக்குள்ள நடக்கற மாதிரி. எல்லாரும் வந்துட்டாங்களான்னு எண்ணிக்கூடப் பாத்தேன்.” அத்தை நிறுத்தினார். “ஆனா சாயங்காலம் முழிச்சப்ப கட்டில்லதான் படுத்திருந்தேன்.”

மறுநாள் ரூபா வந்ததும் ஜெசி நோட்டை விரித்தாள். அண்ணாதுரை மாமாவும் நின்று கேட்டார். யானைக்குச் சிரித்தார். பிரியாணிக்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார். சென்னம்மா அத்தையின் கனவைப் படித்து முடித்தபோது அவர் சிரிக்கவில்லை.

“எறங்கிட்டோம்னு நெனச்சுட்டே படுத்திருந்திருக்காங்க,” என்றார் மெதுவாக.

“ஆமா மாமா. அது நெஜப் புகையா இருந்தா?”

மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஏர்கூலர்கள் முனகின.

அண்ணாதுரை மாமா தாளை எடுத்து, ‘மணி நன்றாக இருக்கிறது’ என்று தான் எழுதியதை அடித்தார். “என்ன பண்ணணும்னு சொல்லும்மா,” என்றார் ரூபாவிடம்.

“மணி வராந்தாவுல இருக்கு. தூங்கறவங்க கதவுக்குப் பின்னால, கூலருக்குப் பக்கத்துல, காதுல பஞ்சோட இருக்காங்க. அவங்க படுக்கற ரூமுக்குள்ளயே ஒரு மணி வைக்கணும். கீச்சுனு கத்துற சத்தத்தை விட, கனத்த சத்தம் தூங்கறவங்களை நல்லா எழுப்பும்.”

“அதுவும் கனவுக்குள்ள போயிட்டா?” என்றாள் ஜெசி.

“நல்ல கேள்வி. அதனாலதான் வச்சுட்டு அப்படியே விடக்கூடாது. மாசம் ஒரு தடவை அடிச்சுப் பாக்கணும். மணி அடிச்சுதான்னு மட்டும் எழுதாம, யார் யார் வெளிய வந்தாங்கன்னும் எழுதணும்.”

“மாடி ஆளுங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும். நான் எழுதறேன். ஆனா மாமா, எந்த நாள்னு நோட்டீஸ் ஒட்டாதீங்க.”

“சொல்லாம அடிச்சா பயந்துடுவாங்க பாப்பா.”

ஜெசி யோசித்தாள். “இந்த வாரத்துல ஒரு நாள்னு மட்டும் சொல்லிடலாம்.”

அன்று மாலையே அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் சம்மதித்தார்கள். முனீஸ்வரன் அண்ணன் மட்டும், பிரியாணி வந்தால் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுக்கச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அறைகளுக்குள் மணி வந்தது. அதற்கடுத்த வியாழக்கிழமை, வெயில் ஏறிய பதினொரு மணி. ரூபா கம்பைத் தூக்கினாள். ஜெசி பென்சிலோடு வராந்தாவில் நின்றாள்.

‘பூம்… பூம்… பூம்…’

கப்பல் கிளம்புவது போல ஒரு சத்தம் அறைகளுக்குள்ளிருந்து வந்தது.

முதலில் கங்கப்பன் மாமா தலையணையை அணைத்துக்கொண்டு வந்தார். அடுத்து முனீஸ்வரன் அண்ணன், பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. பிறகு அப்பா. காதில் ஒரு பஞ்சு இருந்தது, இன்னொன்று காணோம்.

மூன்று பேர். ஜெசி கடைசிக் கதவையே பார்த்தாள். அது திறக்கவில்லை. அவள் ஓடிப்போய்த் தட்டக் கையை ஓங்கினாள். தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

சென்னம்மா அத்தை நின்றிருந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன.

“புட்டி, இது கனவா?”

“எறங்கிப் பாருங்க அத்தை.”

வெட்டவெளியில் இருந்த சிமெண்டுப் படி வெயிலில் காய்ந்து கிடந்தது. அத்தை வெறுங்காலை வைத்தார். உடனே தூக்கிக்கொண்டார். “ஸ்ஸ்ஸ்… சுடுது புட்டி. நெஜந்தான்.” சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண் போல ஒவ்வொரு படியாகக் குதித்துக் குதித்து இறங்கினார்.

கீழே வேப்ப மரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். ஒரே மாடியில் இருந்தும், பகல் வெளிச்சத்தில் ஒருவரை ஒருவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. “நீங்க இவ்வளவு உயரமா?” என்று கங்கப்பன் மாமா அப்பாவைக் கேட்டார். முனீஸ்வரன் அண்ணன் பெரிதாகக் கொட்டாவி விட்டார். அது ஒவ்வொருவராகத் தொற்றி அண்ணாதுரை மாமா வரை போனது.

ஜெசி நான்கு பெயர்களுக்கும் பக்கத்தில் ‘வந்தார்’ என்று எழுதினாள். ரூபா எட்டிப் பார்த்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

அப்பா மரத்தடிக் கல்லில் ஜெசியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வேப்பம்பூ ஒன்றிரண்டு அவர் தலையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தலை சரிந்து அவள் தோளில் சாய்ந்தது.

பூக்களைத் தட்டிவிடாமல் ஜெசி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.